பித்தளைப் பள்ளத்தாக்கு

பென்சில்வேனியா மாநிலத்தில் பெத்லகேம் என்று ஓர் ஊர் இருக்கிறது. அங்கே ஒருவர் இறந்துபோனால் அந்தச் செய்தியை ஒரு காலத்தில் டிரம்போன்கள்தான் ஊருக்கு அறிவித்தன. மொரேவிய சபையார் சிலர் மாடத்தில் ஏறி நின்று ஞானப்பாட்டு ஒன்றை ஊதுவார்கள். இறந்தவர் மணமான ஆணா, மணமாகாத பெண்ணா, கைம்பெண்ணா, குழந்தையா என்பதற்கேற்ப மெட்டு மாறும். வயலில் நிற்பவர்கள் மெட்டைக் கேட்டே யார் வீட்டுத் துக்கம் என்று பாதி ஊகித்துவிடுவார்களாம். அந்த டிரம்போன் குழு 1754 முதல் இருக்கிறது. ஈஸ்டர் அன்று பொழுது விடியும் முன்பே தெருத்தெருவாக ஊதி ஊரை எழுப்புவதை இன்றும் அது விடவில்லை. இதே மொரேவியர்கள்தான் 1760இல் நம் தரங்கம்பாடிக்கும் வந்து, தோட்டமும் வீடுகளுமாக நாற்பது ஆண்டுகளுக்கு மேல் குடியிருந்தவர்கள். பெத்லகேமில் அவர்கள் நிலைத்தார்கள், தரங்கம்பாடியில் நிலைக்கவில்லை.

பெத்லகேமை ஒட்டியிருப்பது அலன்டவுன். லீஹை ஆறு ஓடும் அந்தப் பள்ளத்தாக்கில் இரண்டு ஊர்களும் எங்கே பிரிகின்றன என்று வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது. அலன்டவுன் ஊர் பேண்டு 1828இல் தொடங்கியது. கோடைக்கால மாலைகளில் பூங்காவில் கிழவர்களும் பள்ளிப் பிள்ளைகளும் ஒரே வரிசையில் உட்கார்ந்து வாசிப்பார்கள். இரும்பாலை ஊர், ஜெர்மானிய வழிவந்த குடிகள், சபைக்கு ஒரு பாடகர் குழு, பள்ளிக்கு ஒரு பேண்டு. பித்தளை வாத்தியம் வாசிக்கத் தெரிந்தவன் வீட்டுக்கு ஒருவன் இருந்த பள்ளத்தாக்கு அது என்று சொன்னால் கொஞ்சம்தான் மிகை.

அப்பாவுக்கு அங்கே வேலை கிடைத்து, 1990இல், எனக்குப் பதின்மூன்று வயதில் தூத்துக்குடியிலிருந்து போய் இறங்கினோம். பனிமய மாதா கோயில் திருவிழாவில் பேண்டு செட்டுக்குப் பின்னாலேயே நடந்து வீட்டுக்கு வழிதப்பிய பிள்ளை நான். அதனால் புதுப் பள்ளியில் இசை அறையைப் பார்த்ததும் வேறெதையும் பார்க்கத் தோன்றவில்லை. டிரம்பெட் கேட்டேன். டிரம்பெட்டுக்கு ஏற்கெனவே கூட்டம் இருந்தது. யாரும் தொடாமல் கிடந்த பிரெஞ்சு ஹார்னைக் கொடுத்தார்கள். அதன் வாய் பின்பக்கம் பார்த்தபடி இருப்பதால் அணிவகுப்பில் சத்தம் முன்னால் போகாது. ஆகவே மைதானத்தில் மட்டும் அதற்குப் பதிலாக மெல்லோபோன் கையில் வரும். பார்வைக்குப் பெருத்த டிரம்பெட், குணத்தில் ஹார்னின் தம்பி. அதைக் கையில் வாங்கியவன் டிரம் கோருக்குப் போகாமல் இருக்க முடியாது என்று அப்போது எனக்குத் தெரியாது.

டிரம் கோர் என்றால் நம் ஊர் வாசகருக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். முதல் உலகப் போர் முடிந்து திரும்பிய படைவீரர்கள் தங்கள் சங்கக் கிளைகளின் பெயரில் முரசும் பியூகிளும் வைத்து அணிவகுத்ததில் தொடங்கியது அது. பிறகு சங்கங்களும் கோயில் பங்குகளும் பிள்ளைகளுக்கென்று அமைத்தன. அதில் கிளாரினெட் கிடையாது, புல்லாங்குழல் கிடையாது. பித்தளை, முரசு, கொடி வீசுபவர்கள், அவ்வளவுதான். படைவீரர் சங்கங்களின் போட்டி விதிகள் கழுத்தை நெரிக்கின்றன என்று கோர்களின் இயக்குநர்கள் சேர்ந்து தங்களுக்கென்று ஓர் அமைப்பைத் தொடங்கினார்கள். அதன் முதல் சாம்பியன் போட்டி 1972இல் விஸ்கான்சினின் வைட்வாட்டரில் நடந்து, அனஹைம் கிங்ஸ்மென் வென்றது. நான் சேர்ந்த 1996இல் ஒரு கோருக்கு அதிகபட்சம் 128 பேர், வயது வரம்பு இருபத்தொன்று. குளிர்காலத்தில் மாதமொரு வார இறுதி முகாம். மே மாதக் கடைசியில் தொடங்கினால் ஆகஸ்ட் நடுவரை வீடு கிடையாது. இரவில் பேருந்தில் ஊர்விட்டு ஊர் போவோம், விடிகாலையில் ஏதோ ஒரு பள்ளியின் உடற்பயிற்சிக் கூடத் தரையில் இரண்டு மூன்று மணி நேரம் உறங்குவோம், எழுந்தால் மைதானம்.

எங்கள் கோர் பெரிய பெயர் எடுத்ததல்ல. இறுதிச் சுற்றுக்குப் போகும் பன்னிரண்டில் நாங்கள் ஒரு தடவையும் வந்ததில்லை. ஆனால் எங்கள் பித்தளை ஆசிரியர் பெரிய மனிதர். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர், பள்ளத்தாக்கிலேயே பிறந்தவர். அவருடைய பாட்டனும் இரும்பாலைத் தொழிலாளி, அப்பனும் இரும்பாலைத் தொழிலாளி. கோல்டன் கேட் பாலத்துக்கு இரும்பு கொடுத்த பெத்லகேம் ஸ்டீல் அந்த ஊர் உலைகளை 1995 நவம்பரில் அணைத்தது. நாங்கள் முகாமுக்குப் போன முதல் குளிர்காலம் உலை அணைந்து முதலாவதாக வந்த குளிர்காலம். அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. மூச்சைப் பற்றி மட்டும்தான் பேசினார்.

முதல் காலை முழுவதும் வாத்தியத்தைத் தொடவே விடவில்லை. பள்ளியின் வாகன நிறுத்தத்தில் அரைவட்டமாக நிறுத்தி, நாலு எண்ணிக்கை மூச்சை உள்ளே, நாலு வெளியே. பிறகு ஆறு, பிறகு எட்டு. அப்புறம் எட்டு எண்ணிக்கை வெளியே விட்டு, ஒரே எண்ணிக்கையில் உள்ளே இழுக்க வேண்டும். ஏனென்றால் பாட்டில் மூச்சுக்கென்று யாரும் இடம் ஒதுக்கி வைப்பதில்லை. தோள் ஏறினால் அவர் வந்து இரண்டு கையாலும் அழுத்துவார். உள்ளே போகும் காற்றுக்குச் சத்தம் இருக்கக் கூடாது. சத்தம் வந்தால் தொண்டை இறுகியிருக்கிறது என்று அர்த்தம். பெரிய நெஞ்சுக்கூடு உள்ளவன்தான் நன்றாக ஊதுவான் என்று நாங்கள் நம்பியிருந்தோம். சிகாகோ சிம்பனியில் 1944 முதல் 1988 வரை டியூபா வாசித்த ஆர்னால்ட் ஜேக்கப்ஸின் நுரையீரல் சராசரி மனிதனுடையதைவிடக் குறைவாகத்தான் பிடிக்கும் என்று அவர் சொல்லி அந்த நம்பிக்கையைக் கெடுத்தார். எவ்வளவு காற்று இருக்கிறது என்பது கேள்வியில்லை, அது எவ்வளவு தடையில்லாமல் போகிறது என்பதுதான்.

உதட்டுக்கு வந்தது அதற்குப் பிறகு. உதட்டோரங்கள் உறுதியாக, நடுப்பகுதி தளர்வாக. அந்த நடுப்பகுதிதான் அதிர்ந்து சுரமாகிறது. இங்கே எனக்கு மட்டும் ஒரு சிக்கல். சின்ன வயதில் நான் பார்த்த பேண்டு செட்டுக்காரர்கள் கன்னத்தை இரண்டு எலுமிச்சம்பழ அளவுக்கு உப்பவைத்துத்தான் ஊதினார்கள். ஊதுவது என்றால் அதுதான் என்று என் முகம் கற்றுவைத்திருந்தது. ஆசிரியர் பென்சிலால் என் கன்னத்தைக் குத்திக் குத்திப் பார்த்துவிட்டுப் போய்விடுவார். கடைசியில் எனக்கு வழிகாட்டியது பாட்டியின் ஊதாங்குழல். விறகடுப்பு ஊதும்போது பாட்டியின் கன்னம் உப்பியதே இல்லை. உதட்டைக் குவித்து, வயிற்றிலிருந்து ஒரே சீராக நீளமாக விடுவாள், கங்கு சிவந்துவிடும். அதை நினைத்துக்கொண்டு ஊதினேன், சரியாக வந்தது.

பித்தளை வாத்தியங்களுக்கு ஒரு தனித் தொல்லை உண்டு. பித்தளைக் குழாயில் ஒரே விரல்பிடியில் பல சுரங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும். கீழே அவற்றுக்கிடையே தூரம் அதிகம். மேலே போகப் போக நெருங்கிவிடும். அந்த நெருக்கத்தில் உதடு இம்மியளவு தவறினால் பக்கத்துச் சுரத்தில் போய் விழும். பதினைந்தாயிரம் பேர் கேட்க அது உடைந்து விழுவது தனி அவமானம். மேல் சுரம் எட்டவில்லையென்றால் எல்லோரும் செய்யும் முதல் காரியம் மவுத்பீஸை உதட்டில் வைத்து அழுத்துவது. அழுத்தினால் சுரம் வரும், பத்து நிமிடத்துக்கு. பிறகு ரத்தம் ஓடாமல் உதடு மரத்துப்போய் ஒன்றுமே வராது. அழுத்தத்துக்குப் பதில் காற்றின் வேகம் என்பதைப் பழக ஒரு கோடை முழுக்க ஆனது. இடையில் வார இறுதியில் வந்து பார்த்த அம்மா, "எய்யா, ஒதடெல்லாம் இப்பிடி வீங்கிக் கெடக்கே, இதுக்குக் காசும் கட்டிட்டு வந்திருக்கியேய்யா" என்றாள். கோரில் சேரக் கட்டணம் உண்டு என்பதை அவளால் கடைசிவரை ஜீரணிக்க முடியவில்லை. ஆனாலும் அடுத்த ஆண்டு சீருடைக் கால்சட்டைகளுக்குக் கீழ்மடிப்புத் தைக்கும் தாய்மார் கூட்டத்தில் அவள்தான் தலைமை.

காலைதோறும் ரெமிங்டன் பயிற்சி. ராச்செஸ்டரின் ஈஸ்ட்மன் இசைப் பள்ளியில் கிட்டத்தட்ட அரை நூற்றாண்டு டிரம்போன் கற்றுக்கொடுத்த எமரி ரெமிங்டனின் பெயரால் அழைக்கப்படுவது. ஒரு சுரத்தில் நின்று, அரைச்சுரம் கீழே இறங்கித் திரும்பி வருவது. அடுத்து ஒரு முழுச்சுரம் இறங்கித் திரும்புவது. இப்படியே ஏழாம் படிவரை. கேட்பவருக்குச் சலிப்பின் உச்சம். ஊதுபவனுக்கு அதில்தான் எல்லாம் வெளியே தெரியும். சுரம் மாறும் இடத்தில் காற்று நிற்கிறதா, நாக்கு தடிக்கிறதா, முதல் சுரத்தின் நிறம் கடைசிச் சுரத்திலும் இருக்கிறதா. ஒரு நல்ல கோரின் பித்தளை அணியை ரெமிங்டனிலேயே எடைபோட்டுவிடலாம் என்று நான் இன்றும் சொல்வேன். ஆட்டமெல்லாம் அப்புறம்தான்.

இதற்கு மேல் எங்கள் ஆசிரியர் கற்றுக்கொடுத்ததுதான் எனக்கு முக்கியம். ஒரு பெரிய கூட்டம் சேர்ந்து எப்படி ஒரே ஒலியாவது. நீண்ட சுரக்கூட்டு ஒன்றைப் பதினாறு எண்ணிக்கை நிறுத்த வேண்டுமென்றால் ஒருவரால் முடியாது. ஆனால் அணியால் முடியும். பக்கத்தில் நிற்பவன் மூச்செடுக்கும் இடத்தில் நீ எடுக்கக் கூடாது. எடுக்கும்போது ஒலி தேய விட்டு, திரும்பி வரும்போது கதவைத் தட்டாமல் நுழைய வேண்டும். யார் எங்கே எடுப்பது என்று ஜோடி ஜோடியாகப் பேசி வைத்துக்கொள்வோம். வெளியே இருப்பவருக்கு அறுபது பேர் மூச்சே விடவில்லை என்று தோன்றும்.

சுருதியும் அப்படித்தான். பியானோவில் இருப்பதுபோல் ஒவ்வொரு சுரமும் தன் பெட்டிக்குள் நின்றால் சுரக்கூட்டு மின்னாது. மேஜர் சுரக்கூட்டில் மூன்றாம் சுரத்தை ஊதுபவன், பியானோ சுரத்தைவிட அரைச்சுரத்தின் நூற்றில் பதினான்கு பங்கு கீழே இறக்க வேண்டும். ஐந்தாம் சுரக்காரன் இரண்டு பங்கு ஏற்ற வேண்டும். கருவி பார்த்துச் செய்ய முடியாது, காதுதான். சரியாக அமரும்போது இரைச்சலாக இருந்த அதிர்வு அடங்கி, யாரும் ஊதாத ஒரு சுரம் தலைக்குமேல் தனியாகக் கேட்கும். முதல் தடவை அது கேட்டபோது நான் ஊதுவதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். தம்பூராவை நன்றாகச் சுருதி கூட்டினால் மீட்டாத காந்தாரம் தானாக எழுவதைக் கேட்டவர்களுக்கு இது புதிதல்ல. இயற்பியல் ஒன்றுதான். அங்கே நாலு தந்தி, இங்கே வெயிலில் நிற்கும் அறுபது பிள்ளைகள்.

இதெல்லாம் நின்றபடி. பிறகுதான் கால். ஐந்து கெஜத்துக்கு எட்டுக் காலடி, அதாவது காலடிக்கு இருபத்திரண்டரை அங்குலம். நீ குட்டையோ நெட்டையோ, அடி ஒன்றுதான். குதிகால் முதலில் பட்டு, பாதம் உருண்டு, நுனி கடைசியில். பின்னோக்கிப் போகும்போது குதிகால் தரையில் படக் கூடாது, முன்பாதத்திலேயே போக வேண்டும். இடுப்புக்குக் கீழே எந்தத் திசையில் ஓடினாலும் இடுப்புக்கு மேலே முன் படிவரிசையைப் பார்த்தபடி. அடி குதித்தால் வாத்தியம் குதிக்கும், மவுத்பீஸ் பல்லில் இடிக்கும், உதடு கிழியும். உதட்டைக் காப்பாற்றுவது முழங்கால்தான் என்பது விளையாட்டுப் பேச்சல்ல. எங்கே எந்த எண்ணிக்கையில் நிற்க வேண்டும் என்பதை ஒவ்வொருவரும் சின்ன நோட்டில் எழுதிக் கழுத்தில் தொங்கவிட்டிருப்போம். வியர்வையில் அழிந்து அழிந்து எழுதி ஆகஸ்டில் அது தேவைப்படாமல் போகும்.

இதில் இன்னொரு சூட்சுமம் உண்டு. அமெரிக்கக் கால்பந்து மைதானத்தின் அகலம் 160 அடி. பின்வரிசையில் அடிக்கும் முரசுச் சத்தம் முன்வரிசைக்கு வந்துசேர ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு விநாடி ஆகும். வேகமான பாட்டில் அது கிட்டத்தட்ட அரைத் தாளம். முன்னால் நிற்பவன், தாளம் காட்டும் டிரம் மேஜரின் கையைப் பார்த்து வாசித்தால் அவனுடைய ஒலி முரசுக்கு முந்தியே பார்வையாளரை எட்டிவிடும். பின்னால் நிற்பவன் முன்னால் கேட்கும் சத்தத்தோடு சேர்ந்து வாசித்தால் இரட்டைத் தாமதம். ஆகவே சட்டம் ஒன்றே: முதுகுக்குப் பின்னால் கேள். பின்னாலிருந்து முரசொலி உன்னைக் கடந்து போகும் கணத்தில் உன் சுரத்தை அதன்மேல் ஏற்றி அனுப்பு. கண்ணுக்குத் தெரிவதும் காதுக்குக் கேட்பதும் ஒத்துப்போகாதபோது காதை நம்பு. கச்சேரி மேடையில் யாருக்கும் இந்தக் கவலை கிடையாது. அதனால்தானோ என்னவோ, டிரம் கோரை வெறும் சத்தம் என்று சொல்லும் சபா இசைக்காரர்களை என்னால் பொறுத்துக்கொள்ள முடிவதில்லை.

நாங்கள் ஊதிய வாத்தியங்கள் இன்று பெரிய மேடைகளில் இல்லை. அவை ஜி சுருதியில் அமைந்த பியூகிள்கள். தொடக்கத்தில் வால்வே இல்லாத படைக் கொம்புகள். பிறகு படுக்கையாக ஒரு வால்வு. 1977இல் நின்ற நிலையில் இரண்டு வால்வுக்கு அனுமதி, 1990இல் மூன்று. விதியை ஒவ்வொன்றாகத் தளர்த்தி, 2000இல் எந்தச் சுருதி வாத்தியமும் கொண்டுவரலாம் என்று திறந்துவிட்டார்கள். அத்துடன் கோர்கள் சாதாரண டிரம்பெட் குடும்பத்துக்கு மாறின. சுருதி சுத்தமாயிற்று, விரலோட்டம் எளிதாயிற்று, பழைய வாத்தியங்களை விற்றுப் பணமாக்குவதும் எளிதாயிற்று. இழந்தது ஒன்றுண்டு. ஜி பியூகிள் பிடிவாதக்காரி. விட்டால் ஓலமிடும், அடக்கினால் செத்துவிடும். இரண்டுக்கும் நடுவிலான குறுகிய இடத்தில் அறுபது பேர் ஒன்றாகக் கால்வைக்கும்போது பல்லுக்குள் உணரக்கூடிய ஒரு வெப்பம் அந்த ஒலியில் இருக்கும். புது வாத்தியங்களில் அழகு கூடியிருக்கிறது, அந்தச் சூடு இல்லை.

இனி அந்த மைதானம். அலன்டவுன் பள்ளிகளுக்குச் சொந்தமான ஜே. பிர்னி கிரம் மைதானம், பள்ளிப் பயிற்சியாளர் ஒருவரின் பெயர் தாங்கியது. 1948இல் திறக்கப்பட்டு, பதினைந்தாயிரம் பேர் உட்காரும் அளவுக்குக் கட்டப்பட்டது. ஒரு பள்ளிக் கால்பந்துக்கு இது கொஞ்சம் அதிகம்தான். இரும்பு ஊர்க்காரர்களின் மிடுக்கு அது. ஆகஸ்டு தொடக்கத்தில் இரண்டு இரவுகள் கிழக்குப் பகுதிப் போட்டி அங்கே நடக்கும். நாட்டின் பெரிய கோர்களெல்லாம் வந்து இறங்கும். கலிஃபோர்னியாவிலிருந்து புளூ டெவில்ஸ், இல்லினாய்சிலிருந்து கேவலியர்ஸ், ஃபேண்டம் ரெஜிமென்ட், நியூ ஜெர்சியில் 1934இல் ஒரு கத்தோலிக்கப் பங்குப் பையன்களின் அணியாகத் தொடங்கிய கேடட்ஸ். ஊர் வீடுகளின் முன்வாசல்களில் மடக்கு நாற்காலி போட்டுக் கிழவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். எந்தக் கோர் எந்தத் தெருவில் பயிற்சி செய்கிறது என்பது அவர்களுக்கு அத்துபடி. ஒருவர் என் வாத்தியத்தைக் காட்டச் சொல்லி, திருப்பித் திருப்பிப் பார்த்து, "எங்கள் காலத்தில் இதற்கு ஒரு வால்வுதான்" என்று மூன்று வால்வையும் ஏளனமாக அமுக்கிப் பார்த்துக் கொடுத்தார்.

அம்மாவுக்கு அந்த வாரம் வேறு காரணத்துக்காக முக்கியம். ஆகஸ்டு 5 பனிமய மாதா திருநாள். ஊருக்குப் போக முடியாத ஏக்கத்தை அவள் கிரம் மைதானத்தில் தீர்த்துக்கொண்டாள் என்றுதான் நினைக்கிறேன். கொடி உண்டு, பேண்டு உண்டு, கூட்டம் உண்டு, தேர் மட்டும்தான் இல்லை என்பாள். வேர்க்கடலை வாங்கிக்கொண்டு அப்பாவுடன் மேல்வரிசையில் உட்கார்ந்து, கொடி வீசுபவர்களை மட்டுமே பார்ப்பாள். என்னை எங்கே நிற்கிறேன் என்று கண்டுபிடிக்க அவளால் ஒருபோதும் முடிந்ததில்லை. தொப்பி போட்டால் எல்லாப் பிள்ளைகளும் ஒன்றுபோல்தான் இருப்போம்.

உள்ளே போகும் முன் ஒவ்வொரு கோரும் வெளியே அரைவட்டமாக நின்று தொண்டையைத் திறந்துகொள்ளும். நான் திரும்பப் போக ஆசைப்படும் இடம் அதுதான். மைதானமல்ல, மைதானத்துக்கு வெளியே இருந்த புல்தரையும் வாகன நிறுத்தமும். பொழுது சாயும் நேரம், மூன்று நாலு கோர்கள் ஒன்றின் சத்தம் இன்னொன்றில் புகாத தூரத்தில். நடுவில் நிற்கும் ஆசிரியர் கையை உயர்த்தாமல் வாய்க்குள்ளேயே எண்ணுவார். ரசிகர்கள் எங்கள் முதுகுக்குப் பின்னால் ஓரடித் தூரத்தில் நிற்பார்கள். சிலர் நேராக வாத்தியங்களின் வாய்க்கு எதிரே போய் நின்று கண்ணை மூடிக்கொள்வார்கள். அங்கே தப்பு செய்தால் அது அவர்களுடைய முகத்தில் போய் விழும். எங்கள் கோருக்கு அருகே எப்போதும் கூட்டம் குறைவு. ஃபேண்டம் ரெஜிமென்ட் 1996இல் ஷோஸ்டகோவிச் வாசித்தபோது நாங்களே எங்கள் பயிற்சிக்குப் போகும் வழியில் நின்று கேட்டுவிட்டு ஓடினோம். அந்த ஆண்டு ஆர்லாண்டோவில் அவர்களும் புளூ டெவில்ஸும் சமமாக முதலிடம் பெற்றார்கள். மொரேவியக் கோயில் மாடத்திலிருந்து மரணச் செய்தியை ஊதிய ஊருக்குப் பக்கத்தில், ஆற்றைத் தாண்டி இப்படியொரு பித்தளைக் கூச்சல் என்பதில் எனக்கு ஆச்சரியமே இல்லை. பள்ளத்தாக்கு அதற்குப் பழகிய பள்ளத்தாக்கு.

உள்ளே போனால் காங்கிரீட் படிகள் ஒலியைப் பிடித்துத் திருப்பித் தள்ளும். முழுச்சக்தியில் ஊதிய கூட்டு எதிர்ப்படிகளில் மோதி, கூட்டத்தின் கூச்சலையும் சேர்த்துக்கொண்டு திரும்பி வரும்போது கால் தானாக வேகம் பிடிக்கப் பார்க்கும். அதற்குத்தான் "பின்னால் கேள்" என்ற சட்டம். மேலே கூரை கிடையாது. ஒலியில் நம்மிடம் திரும்பி வராத பங்கு வானத்துக்குப் போய்விடும். அந்த இழப்பு அவசியம். அது இல்லாவிட்டால் சுரக்கூட்டின் விளிம்பு தெரியாது.

2009 முதல் இறுதிப் போட்டி இண்டியானாபோலிஸின் லூகஸ் ஆயில் அரங்கில் நடக்கிறது. நகரும் கூரை, குளிர்சாதனம், மழைக்கும் மின்னலுக்கும் பயமில்லை. பிள்ளைகள் மயங்கி விழுவதில்லை. இவையெல்லாம் நல்லவைதான், மறுக்க மாட்டேன். ஆனால் அங்கே போய்க் கேட்டேன். ஒரு சுரம் முடிந்து அடுத்ததற்குப் போன பிறகும் முந்தைய சுரம் கூரைக்குள் திரிந்துகொண்டிருக்கிறது. வேகமான இடங்கள் சேறாகிவிடுகின்றன. முரசுக் குச்சிகளின் கூர்மை மழுங்குகிறது. போதாததற்கு 2004 முதல் ஒலிபெருக்கியும் 2009 முதல் மின்னணுக் கருவிகளும் வந்துவிட்டன. தாழ்ந்த சுரத்தின் கனத்தை, காண்ட்ரா என்ற பெரிய பியூகிளை வாசிப்பவர்கள் தோளில் சுமந்து ஊதி உண்டாக்கிய காலம் போய், ஒரு பொத்தான் அதைச் செய்கிறது. புதிய கோர்கள் எங்களைவிடப் பல மடங்கு திறமைசாலிகள். எங்கள் காலத்துப் பிள்ளைகளால் இன்றைய ஓட்டத்தில் பாதியைக்கூட ஊதியபடி ஓட முடியாது. அந்தத் திறமையை உள்ளே அடைத்துவைத்துக் கேட்பதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. டிரம் கோர் வெட்டவெளிக் கலை. காற்று வீசும் திசையைக் கணக்கில் எடுத்துக்கொண்டு சுருதி சேர்க்கக் கற்ற ஒலியை மூடிய கூடாரத்தில் வைத்து மதிப்பெண் போடுவது முறையல்ல.

நான் இருபத்தொரு வயதில் வரம்பு முடிந்து வெளியே வந்தது 1998இல். பழைய கோர்கள் பல மறைந்துவிட்டன. பின்னாளில் அலன்டவுனையே இருப்பிடமாக்கிக்கொண்ட கேடட்ஸ், வழக்குகளும் பணமுடையும் நெருக்க, தொண்ணூறு ஆண்டுகளுக்குப் பிறகு 2024இல் கலைக்கப்பட்டது. எங்கள் சின்னக் கோர் அதற்கு வெகுகாலம் முன்பே சத்தமில்லாமல் போயிற்று. பெத்லகேமின் அணைந்த உலைகளை இடிக்காமல் விட்டு, அவற்றின் அடியில் இப்போது கச்சேரி மேடை அமைத்திருக்கிறார்கள். ஆசிரியர் அங்கே ஊர் பேண்டில் கடைசிவரை யூஃபோனியம் வாசித்தார்.

அமெரிக்காவில் இருக்கும் வாசகர்களுக்கு ஒன்று சொல்லிக்கொள்கிறேன். ஜூன் கடைசியிலிருந்து ஆகஸ்டு நடுவரை உங்கள் ஊரிலிருந்து இரண்டு மூன்று மணி நேரக் கார்த் தொலைவில் பெரும்பாலும் எங்காவது ஒரு கோர் நிகழ்ச்சி நடக்கும். கூரையில்லாத மைதானமாகப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். சீட்டு வாங்குவதற்கு முன், இரண்டு மணி நேரம் முன்னதாகவே போய், வாகன நிறுத்தத்தில் அரைவட்டம் போட்டு நிற்கும் பிள்ளைகளைத் தேடுங்கள். அங்கே கேட்பதற்குப் பெரும்பாலும் காசு கிடையாது. ரெமிங்டன் பயிற்சி முடியும்வரை பொறுத்திருங்கள், அதன் பிறகு வரும் முதல் சுரக்கூட்டுக்குத்தான் நீங்கள் வந்திருக்கிறீர்கள். கூட வரும் குழந்தைகளுக்குக் காதடைப்பான் எடுத்துப்போக மறந்துவிடாதீர்கள்.